சைக்கிளுக்குக் காவல்

நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது பிள்ளை வரம் கேட்கப் போன இடத்தில். ராமேசுவரம் தீவில், தனுஷ்கோடிக் கடற்கரையில், மடிசாரோடு. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரித்து முடித்துவிட்டு, "உங்காத்துக்காரர் எவ்வளவு நல்லவர், அந்தக் காலத்திலேயே ஆம்படையாளுக்குச் சைக்கிள் கத்துக்கொடுத்திருக்காரே" என்று ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்கள் பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லவர்தான். யார் இல்லை என்றது? அந்த நல்லதனம் என்னை என்ன பாடு படுத்தியது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நாங்கள் இருந்தது சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் கோயில் மதிலுக்குப் பக்கத்துத் தெருவில். வீட்டில் நான், அவர், அவருடைய அம்மா. மாமனார் நான் அந்த வீட்டுக்குள் வருவதற்கு முன்பே பரமபதம் அடைந்துவிட்டார். இவர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தார். போக வர ஒரு சைக்கிள் வைத்திருந்தார். சீமைச் சரக்கு, கறுப்பு. அதை அவர் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால், மாமியார் மடிப் பாத்திரம் தேய்ப்பதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

பள்ளிக்கூடத்துக்கு நெசவாளர் தெரு வழியாகப் போகவேண்டும். காலையில் அங்கே தெரு நீளத்துக்குப் பாவு விரித்து நூலைச் சீர் செய்துகொண்டிருப்பார்கள். வேறு யாராவதாக இருந்தால் மணி அடிப்பார்கள், குரல் கொடுப்பார்கள். இவர் இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி, அவர்களாகப் பார்த்து வழி விடும் வரைக்கும் நிற்பார். அந்தச் சைக்கிளில் மணி என்று ஒன்று இருந்தது. அது அடித்து நான் கேட்டதில்லை. "உங்க ஊட்டு வாத்தியார் சாமி மாதிரி சாது யாருமா இருக்காங்க? நின்னுக்கினே இருப்பாரு, ஒரு வார்த்த பேசமாட்டாரு" என்று அந்தத் தெருப் பெண்கள் என்னிடம் மெச்சிச் சொல்வார்கள். நானும் புதிதில் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

சாதுவோடு குடித்தனம் பண்ணிப் பார்த்தால்தான் தெரியும். மாமியார் என்னை ஒரு சொல் சொன்னால், அவர் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொள்வார். இரண்டு சொல் சொன்னால், எழுந்து போய்ச் சைக்கிளைத் துடைப்பார். என் பக்கமும் பேசமாட்டார், அவர் அம்மா பக்கமும் பேசமாட்டார். நான் தனியாகப் பிடித்து, "ஏன்னா, நீங்க ஒண்ணும் சொல்லக்கூடாதா?" என்று கேட்டால், "பார்க்கலாம்" என்பார். என்னத்தைப் பார்ப்பாரோ.

மாமியார் சொல்வதெல்லாம் ஒரே விஷயம்தான். எனக்குப் பிள்ளை இல்லை. ஒவ்வொரு மாதமும் நான் ஒதுங்கிக் கொல்லைப்புறம் உட்கார்ந்தவுடன், அடுத்த வீட்டுக்குக் கேட்கிற குரலில், "இந்த மாசமும் உக்காந்துட்டயா?" என்பாள். என்னவோ நான் சொகுசுக்காகப் போய் உட்கார்ந்த மாதிரி. அரசமரம் சுற்றினேன். நாகப் பிரதிஷ்டை ஆயிற்று. யாரோ ஒரு வைத்தியன் கொடுத்த லேகியத்தை விழுங்கி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். பட்டினி கிடக்காத கிழமை இல்லை. இத்தனையும் என் ஒருத்தி உடம்பில். அவர் உடம்பில் ஒரு விரதம்கூட விழவில்லை.

கடைசியில் பட்டணத்தில் ஒரு லேடி டாக்டரிடம் மாமியாரே என்னை அழைத்துப்போனாள். அந்த அம்மாள் நன்றாகப் பரிசோதித்துவிட்டு, "இந்தப் பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. இனி நீங்கள் அழைத்துவர வேண்டியது உங்கள் பிள்ளையை" என்று பளிச்சென்று சொன்னாள். மாமியார் தலையாட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, "டாக்டருக்கே ஒண்ணும் பிடிபடலையாம்" என்றாள். அவர் தனியாக இருக்கும்போது டாக்டர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். பிறகு என்ன, "பார்க்கலாம்"தான்.

அதற்கப்புறம்தான் சேது. தனுஷ்கோடியில் இரண்டு கடலும் சேருகிற இடத்தில் தம்பதிகளாக ஸ்நானம் செய்தால் சந்தானம் உண்டாகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புகிற விஷயம். மாமியார் எங்களை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு விதிமுறை சொன்னாள். "அவன் அங்கவஸ்திரமும் உன் தலைப்பும் முடி போட்டுண்டு, கையைப் பிடிச்சுண்டு, ரெண்டு பேருமா முங்கணும். ஒருத்தர் முங்கி ஒருத்தர் நின்னா பலன் கிடையாது. அதோட, அந்தக் கோயிலுக்குள்ள மட்டும் கால் வைக்காதே." நாங்கள் ஐயங்கார். சேது ராமர் கட்டியது, அதனால் முங்கலாம். ராமேசுவரத்தில் இருக்கிற சிவன் கோயில் மட்டும் கூடாது. கடைசியாக என்னைப் பார்த்து, "இதுக்கும் ஆகலைன்னா, வேற வழிதான் பார்க்கணும்" என்றாள். வேறு வழி என்றால் வேறு பெண். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும்.

புறப்படுகிற நாளில் அவர் சைக்கிளை வாசலுக்குக் கொண்டுவந்தார்.

"தீர்த்த யாத்திரைக்குச் சைக்கிள் எதுக்குடா?" என்றாள் மாமியார்.

"அங்கே வண்டி கிடைக்காதும்மா" என்றார்.

பொய். அந்தத் தீவைக் கரும்பலகையில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்காக வரைந்து வரைந்து, அதைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. சத்தம் இல்லாமல், யாரும் கேள்வி கேட்காமல், கடல் ஓரமாகவே போய்க்கொண்டிருக்கவேண்டும் என்று எப்போதோ என்னிடம் சொல்லியிருக்கிறார். எனக்குப் பிள்ளை வரம், அவருக்கு ஊர் சுற்றல். செங்கல்பட்டில் வண்டி மாறும்போது, என் டிரங்குப் பெட்டியைக் கூலியிடம் விட்டுவிட்டு, சைக்கிளைத் தானே கார்டு வண்டியில் ஏற்றினார். பெரிய ஸ்டேஷன் வந்தால் இறங்கி ஓடிப்போய், அது சௌக்கியமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது, கீழே ஒரே தண்ணீர். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "பெருமாளே" என்றேன். அவரோ, "உப்புக் காத்து. செயின் துருப்பிடிக்காம இருக்கணும்" என்றார்.

தனுஷ்கோடியில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். ஒரு பக்கம் கொந்தளிக்கிற கடல், இன்னொரு பக்கம் தாம்பாளத்தில் ஊற்றி வைத்த மாதிரி அசையாத கடல். கொந்தளிப்பது ஆண்கடலாம், அசையாதது பெண்கடலாம். இந்தப் பெயரை வைத்தவன் எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வந்து இருந்து பார்த்திருக்கவேண்டும்.

முதல் நாள் ஸ்நானத்திலேயே தகராறு. சங்கல்பம் செய்துவைக்க வந்த வாத்தியார், "ரெண்டு பேரும் இறங்குங்கோ" என்றார். இவர் அசையவில்லை. துறைமுகத்தில் கொழும்புக் கப்பலுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் கூலிகளுமாகக் கரை பூராவும் ஆள் நடமாட்டம். சைக்கிளைத் தனியாக விட்டுவிட்டு இறங்கினால், எவனாவது தள்ளிக்கொண்டு போய்விடுவானாம். சத்திரத்தில் வைத்துவிட்டு வரலாமே என்றேன். சத்திரத்து அறைக்குப் பூட்டு சரியில்லையாம். வாத்தியார் அவரைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், வரிசையில் காத்திருந்த மற்ற தம்பதிகளைப் பார்த்தார். "சரி, அங்கவஸ்திரத்தைக் கொடுங்கோ. முடி போட்டு மாமியே சேர்த்து முங்கட்டும். வஸ்திரம் நனைஞ்சா போறும்" என்று வழி சொல்லிவிட்டார்.

ஆக, சேதுவில் நான் முங்கினேன், என் தலைப்போடு முடிந்த அவருடைய அங்கவஸ்திரமும் முங்கியது. அவர் கரையில் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, தேங்காய் எண்ணெய் தொட்டுச் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கியிருந்த நாளெல்லாம் இப்படித்தான் நடந்தது. அலை அடித்து நான் தடுமாறும்போது பிடித்துக்கொள்ள அந்தத் துணிதான் இருந்தது. அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மடத்தனம்.

ஸ்நானம் முடித்து, தளிகை பண்ணிச் சாப்பிட்டபின், மிச்சப் பொழுது எங்களுடையது. அலை இறங்கிப் போயிருக்கும்போது ஈர மணல் கெட்டியாக இருக்கும். அதன்மேல் சைக்கிள் நன்றாகவே ஓடும். காய்ந்த மணலுக்கு வந்தால் சக்கரம் புதைந்துவிடும், இறங்கித் தள்ளவேண்டும். என்னைக் காரியரில் உட்கார வைத்துக்கொண்டு கோதண்டராமர் கோயில் வரைக்கும் போவார். அந்தக் கோயிலுக்கு எங்களுக்குத் தடை இல்லை. நடுவில் தேங்கின தண்ணீரில் நாரைகள் கூட்டமாக நிற்கும். மனுஷ வாடையே இருக்காது. அவர் பேசாமல் மிதிப்பார், நான் பேசாமல் பார்ப்பேன். எங்கள் வீட்டில் என்னை அழவைத்த அதே மௌனம் அங்கே இனித்தது என்று சொன்னால் என்னையே நான் அடித்துக்கொள்ளவேண்டும் போல இருக்கிறது. ஆனாலும் அது நிஜம்.

"நீ ஓட்டிப் பாக்கறயா?" என்று ஒரு நாள் கேட்டார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். ஆறு கஜம் சுற்றிக் கட்டினவள் ஆண்கள் சைக்கிளில் ஏற முடியாது, நடுவில் கம்பி இருக்கிறதே. எங்கள் ஒன்பது கஜமோ கச்சம் வைத்துக் கட்டுவது. கால் இரண்டும் தனித்தனி. எங்களை அடக்க ஒடுக்கமாக வைத்திருக்க எந்தப் பாட்டன் அந்தக் கட்டைக் கண்டுபிடித்தானோ, அவன் பெண்கள் சைக்கிளில் ஏறுவார்கள் என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டான். நான் கம்பிக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தேன். விழுந்தேன். முழங்கை தோலுரிந்தது. மறுபடி ஏறினேன். அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். ஒரு கட்டத்தில் திரும்பிப் பார்த்தால், அவர் எங்கேயோ பின்னால் சின்னதாக நிற்கிறார், நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கட்டை விரலுக்குப் பக்கத்தில் மணி இருந்தது. அடித்தேன். வழியில் நண்டைத் தவிர ஒரு ஜீவன் இல்லை, நான் மணியை அடித்துக்கொண்டே போனேன். மாமியாருக்கு ஒன்று, லேகியக்காரனுக்கு ஒன்று, அரசமரத்துக்கு ஒன்று. "ஏன் இப்படி அடிக்கறே?" என்று மூச்சிரைக்க ஓடிவந்து கேட்டார். "இத்தனை வருஷமா நீங்க அடிக்காததையும் சேர்த்துத்தான்" என்றேன். அவர் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்தக் கரையில்தான்.

ஸ்நான நாட்கள் முடிந்தன. ராமேசுவரம் ஊரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று, ரயிலில் பாம்பனுக்கு வந்து, மூட்டையை ஸ்டேஷனில் போட்டுவிட்டுச் சைக்கிளில் கிளம்பினோம். அந்தச் சாலையில் முதலில் அக்காமடம், அடுத்து தங்கச்சிமடம் என்று ஊர்கள். இரண்டு பக்கமும் பனை. கொஞ்ச தூரம் அவர் ஓட்டினார், கொஞ்ச தூரம் நான். மீன் கூடையோடு வந்த ஒருத்தி நின்று, "அடியாத்தீ, பொம்பள ஓட்டுது, ஆம்பள பொறத்தால ஒக்காந்து வாராரு" என்று கத்தினாள். அவளுக்கும் ஒரு மணி அடித்தேன்.

தங்கச்சிமடத்தில் ஒரு பனை நிழலில் உட்கார்ந்து நுங்கு வாங்கித் தின்றோம். அவர் வழக்கத்துக்கு மாறாகப் பேச ஆரம்பித்தார். யாத்ரீகர்களுக்காக ஒரு மடம் அக்கா கட்டினாளாம், ஒரு மடம் தங்கை கட்டினாளாம். "கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலயே இருந்திருக்கா பாரு" என்றார். நான் நுங்கைத் தோண்டிக்கொண்டே, "அதுக்கென்ன?" என்றேன்.

"உன் தங்கையை நான் வேத்து மனுஷியா நெனைக்கமாட்டேன்" என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கையிலிருந்த நுங்கு மண்ணில் விழுந்தது.

என் தங்கையை அவருக்கு இரண்டாம்தாரமாகக் கொடுப்பதாம். தை மாதத்தில் முகூர்த்தமாம். மாமியாரும், முசரவாக்கத்தில் இருக்கிற என் அம்மாவும் சேர்ந்து முடிவு பண்ணிவிட்டார்களாம். வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் என்னைத் துரத்திவிடுவாள், கூடப் பிறந்தவள் என்றால் அனுசரித்துப் போவாள் என்று என் அம்மாவே சொன்னாளாம். சர்க்கார் சட்டப்படி பெண்ணுக்குப் பதினாலு முடிந்திருக்கவேண்டும், அதுவும் முடிந்துவிட்டதாம். சேது ஸ்நானம் எதற்கு? நாளைக்கு ஊரில் யாரும் "எல்லாம் செய்து பார்த்தார்களா?" என்று கேட்டுவிடக் கூடாதே, அதற்கு. இத்தனையும் புறப்படுவதற்கு முன்பே அவருக்குத் தெரியும்.

"உங்களுக்குச் சம்மதமா?" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலை" என்றார்.

ஒன்றும் சொல்லவில்லையாம்! அந்தப் பெண் போன விடுமுறைக்கு எங்கள் வீட்டில் வந்து இருந்தபோது, சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு, "அக்கா, அத்திம்பேர் எனக்கும் கத்துக்கொடுப்பாரா?" என்று கேட்டவள். அவளை என் கண் எதிரே கொண்டுவந்து உட்கார வைத்து, அவளுக்கும் லேகியம் கொடுத்து, அவளையும் மரத்தைச் சுற்ற வைத்து, அவளையும் மாதாமாதம் "உக்காந்துட்டயா?" என்று கேட்கப்போகிறார்கள். டாக்டர் சொன்னது தெரிந்த ஆள் இந்த உலகத்தில் மூன்றே பேர். அதில் ஒருவர் பனை மரத்தடியில் உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டு, நான் ஒன்றும் சொல்லவில்லை என்கிறார்.

நான் என்னென்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன். நுங்குக்காரன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டான். கத்தி முடித்ததும் சைக்கிளில் ஏறினேன். "இரு, இரு" என்று அவர் எழுந்தார். நான் இருக்கவில்லை. ராமேசுவரம் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மடிசார்க் கச்சம் அவிழப் பார்த்தது, ஒரு கையால் செருகிக்கொண்டே ஓட்டினேன்.

கோபுரம் தெரிந்தது. கோயில் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, எந்தக் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்களோ, அந்தக் கோயிலுக்குள் போனேன். பக்தியில் போகவில்லை. சொன்னதை மீறவேண்டும், அவ்வளவுதான். அந்தப் பிராகாரம் போய்க்கொண்டே இருந்தது, தூணுக்குப் பின்னால் தூண். ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து, நெஞ்சு அடங்கும்வரை அழுதேன். ஸ்வாமி என்னை நீ எந்த நாமம் என்று கேட்கவில்லை.

வெளியே வந்தால், அவர் வந்து சேர்ந்திருந்தார். வேஷ்டியெல்லாம் புழுதி. உள்ளே வந்து தேடினாரா? இல்லை. அம்மாதான் கால் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாளே. வாசலில், சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கவஸ்திரத்தால் அதன் மேலிருந்த புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பூட்டாமப் போயிட்டயே" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ தெளிந்தது. இவரிடம் கெஞ்சி ஆகப்போவது ஒன்றும் இல்லை. இவர் எனக்காகவும் பேசமாட்டார், எனக்கு எதிராகவும் பேசமாட்டார். பேசவேண்டியது நான்தான். என்ன பேசுவது என்பது, அவர் கையிலிருந்த அந்த அங்கவஸ்திரத்தைப் பார்த்தபோது தெரிந்தது. ஊர் திரும்பும் வரைக்கும் நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் பாடத்தை அவரிடமே ஒப்பித்தேன்.

வீட்டுக்கு வந்த சில நாட்களில் நிச்சயதார்த்தம் என்று கூட்டம் கூடியது. என் அம்மா தங்கையை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். புதுப் பாவாடை, தலை நிறையப் பூ. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே உன்னோடயே இருக்கலாமாமே அக்கா" என்றாள். அவளுக்கு அவ்வளவுதான் சொல்லியிருந்தார்கள். எனக்கு என் அம்மாவை உலுக்க வேண்டும் போல இருந்தது.

கூடத்தில் பந்துக்கள் உட்கார்ந்திருந்தார்கள். லக்னப் பத்திரிகை வாசிக்கப்போகிற பெரியவர் கனைத்துக்கொண்டு, முறைக்காக, "சேது ஸ்நானமெல்லாம் விதிப்படி ஆச்சோன்னோ?" என்று கேட்டார்.

"தம்பதியா போயிட்டு வந்தா. எல்லாம் பேஷா ஆச்சு" என்றாள் மாமியார்.

"ஆகலை" என்றேன் நான்.

அந்தக் கூடத்தில் மருமகள் குரல் கேட்பது வழக்கம் இல்லை. எல்லாரும் திரும்பினார்கள்.

"முங்கினது நான் ஒருத்திதான். இவர் தண்ணியில காலே வைக்கலை. ஒரு நாள்கூட. கரையில உக்காந்து சைக்கிளுக்குக் காவல் இருந்தார். என்னோட முங்கினது இவரோட அங்கவஸ்திரம். பிள்ளை எங்கேன்னு அதைக் கேளுங்கோ."

யாரோ ஒரு பையன் சிரித்து அடி வாங்கினான். மாமியார் எழுந்துவிட்டாள். "என்ன உளறறே?"

"நீங்கதானே சொன்னேள், ஒருத்தர் முங்கி ஒருத்தர் நின்னா பலன் கிடையாதுன்னு? எல்லாம் பண்ணிப் பார்த்தாச்சுன்னு சொல்றேளே, எல்லாத்தையும் பண்ணினது யாரு? மரத்தை நான் சுத்தினேன். லேகியம் நான் தின்னேன். பட்டணத்து டாக்டர்கிட்ட நான் போனேன். அவ கடைசியா என்ன சொன்னா, யாரை அழைச்சுண்டு வரச் சொன்னான்னு இவாளுக்கும் சொல்லுங்கோ. சொல்லமாட்டேளா? அப்போ ஒண்ணு பண்ணுங்கோ. என் தங்கையை அந்த அங்கவஸ்திரத்துக்கே கல்யாணம் பண்ணி வையுங்கோ. சேதுவுல முங்கினது அதுதான்."

பெரியவர் பஞ்சாங்கத்தை மூடினார். அவருக்கு என் கோபமோ என் தங்கையோ பொருட்டில்லை. சேது ஸ்நானம் தப்பிப்போனதுதான் பொருட்டு. "ஏண்டாப்பா, வாஸ்தவமா?" என்று இவரைக் கேட்டார்.

"வாத்தியாரே வஸ்திரம் நனைஞ்சா போறும்னார்" என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வாதம் தூள். அது அவருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு நடையில் சாத்தியிருந்த சைக்கிளைப் பார்த்தார். வழக்கம்போல, ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு லக்னப் பத்திரிகை வாசிக்கவில்லை. தப்பின ஸ்நானத்தை மறுபடி செய்யாமல் சுபகாரியம் கூடாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். "மறுபடி போகணும்னா நான் தயார். ஆனா முதல்ல இவர் டாக்டர்கிட்ட போயிட்டு வரட்டும்" என்றேன் நான். அதற்கும் இவர் "பார்க்கலாம்" என்றார். தை போயிற்று. டாக்டர் என்ன சொல்லியிருப்பாள் என்று ஊகித்துக்கொண்ட என் அம்மா, அன்றைக்கே யார் முகத்தையும் பார்க்காமல் தங்கையை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தாள். அடுத்த வருஷம் அவளைப் பட்டணத்தில் ஒரு நல்ல பையனுக்குக் கொடுத்தார்கள். இன்று அவளுக்கு வீடு நிறையக் குழந்தைகள்.

அன்று இவர் வாயைத் திறக்காமல் இருந்தது எனக்குச் செய்த உபகாரம் என்று தங்கை சொல்வாள். அவளுக்கு அவள் அத்திம்பேர்மேல் பிரியம். நான் நன்றி சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். தங்கச்சிமடத்துக்கு முன்னாலேயே, எங்கள் வீட்டுக் கூடத்திலேயே, "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் துணியைக் கொண்டுவந்து சபையில் உதறியிருக்க வேண்டாமே.

தங்கை கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவர் யாரிடமும் சொல்லாமல் பட்டணம் போனார். சாயங்காலம் திரும்பி வந்தார். சைக்கிளை நடையில் சாத்தினார், துடைக்கவில்லை. நான் உள்ளே குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். மாமியார் கூடத்திலிருந்து, "நாள் கிட்டறதே, இந்த மாசமாவது உக்காராம இருப்பியா?" என்று தன் பாட்டை ஆரம்பித்தாள்.

"அம்மா, இனிமே அவளை இதைக் கேக்காதே. கேக்கணும்னா என்னைக் கேளு" என்றார் அவர்.

மாமியார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அதன்பின் அவள் என்னை அந்தக் கேள்வி கேட்கவே இல்லை.

நான் சந்தோஷப்பட்டிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? அந்த ஒரு வாக்கியம் இத்தனை வருஷமும் அவர் வாய்க்குள்தான் இருந்திருக்கிறது. நான் லேகியத்தை வாந்தி எடுத்தபோதும் இருந்தது. நான் தனியாக அலையில் தடுமாறியபோதும் இருந்தது. கையிலிருந்த கரண்டியைக் குழம்போடு கூடத்துச் சுவரில் விட்டெறிந்தேன். அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் தெறித்து மஞ்சளாயிற்று.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.